பூட்டானுக்குப் படிப்பிக்கப் போனவர்கள்

தொண்டு என்ற சொல் எமக்குப் புதிதன்று. உழவாரப்படை ஏந்திய அப்பர் சுவாமிகளின் படத்தைப் பார்த்தே எமது பிள்ளைகள் அதன் பொருளைப் படிக்கிறார்கள். ஊரில் ஒழுங்கை திருத்தவும் குளம் துப்புரவாக்கவும் சிரமதானம் என்று கூடினோம். யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் பல பாடசாலைகளைத் தாங்கி நின்றவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். நிரந்தர நியமனம் இல்லாமல், சொற்பக் கொடுப்பனவுடன் வருடக்கணக்காகப் படிப்பித்தவர்கள் அவர்கள்.

இங்கு மல்வேர்னில் வளரும் பிள்ளைகளுக்கு அதே சொல் வேறு வழியால் வந்து சேர்கிறது. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூக சேவை வேண்டும் என்ற விதி 1999 முதல் இருக்கிறது. கோயில் மடைப்பள்ளியிலும் உணவு வங்கியிலும் அந்த மணித்தியாலங்களை முடிக்கும் பிள்ளைகள் சிலருக்கு அதில் பிடிப்பு ஏற்பட்டு, பல்கலைக்கழகம் போனபின் "வெளிநாட்டில் ஒரு வருடம் தொண்டராக இருக்கப் போகிறேன்" என்கிறார்கள். "நாங்கள் அகதியாய் ஓடி வந்தோம், நீ ஏன் பிள்ளை திரும்ப அந்தப் பக்கம் போகிறாய்?" என்று தாய் தகப்பன் கேட்பது இயல்பே. போகும் நாடு பௌத்த நாடு என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். எமது அனுபவம் அப்படி. ஆகவே கனடாவிலிருந்து ஒரு பௌத்த நாட்டுக்குப் போனவர்களின் கதையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசித்தால் நல்லது.

கனடாவின் தொண்டர் இயக்கம் 1961இல் உருப்பெற்றது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கீத் ஸ்பைசர் என்பவர் திரட்டிய இளைஞர் குழு முதன்முதலாகப் போனதே இந்தியா, இலங்கை, சரவாக் ஆகிய இடங்களுக்குத்தான். அதே வருடம் உருவான கியூசோ என்ற அமைப்பு பின்னர் அந்த வேலையைப் பொறுப்பேற்றது. நாம் கனடாவுக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கனடாப் பிள்ளைகள் எமது நாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதை இங்கு பலர் அறியார்.

இனிப் பூட்டானுக்கு வருவோம். இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே, பரப்பில் இலங்கையின் பாதிக்குச் சற்று மேற்பட்ட மலைநாடு அது. இலங்கையின் பௌத்தம் தேரவாதம். பூட்டானுடையது திபெத்திய வழிவந்த வஜ்ரயானம். இந்திய எல்லையிலிருந்து தலைநகர் திம்புவுக்கு மோட்டார் வீதி 1962இல்தான் வந்தது, தொலைக்காட்சி 1999இல். நவீன பாடசாலைகளைத் திறக்க மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் விரும்பியபோது நாட்டில் போதிய ஆசிரியர்கள் இல்லை. ஆங்கிலத்தைப் போதனாமொழியாக வைத்து, வெளியிலிருந்து ஆசிரியர்களை அழைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களே அதிகம்.

அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் மக்கி அடிகளார். 1915இல் மொன்றியாலில் பிறந்த யேசு சபைக் குரு. 1946 முதல் டார்ஜிலிங் பகுதியில் படிப்பித்துவிட்டு, 1963இல் கிழக்குப் பூட்டானின் டிராஷிகாங்கில் பாடசாலை தொடங்கப் போனார். அங்கிருந்து காங்லுங் என்ற மலைமேட்டில் ஷெரூப்சே பாடசாலை எழுந்தது. 1968இல் அது திறக்கப்பட்டது; 1983இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டக் கல்லூரியானது. ஒரு பௌத்த அரசு கத்தோலிக்கக் குருவானவரை அழைத்ததும், அவர் மதம் பரப்புவதை விட்டுப் பாடசாலை நடத்தியதும் எமக்கு வியப்பாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். மன்னர் அவருக்கு நாட்டின் உயர் விருதுகளில் ஒன்றை வழங்கினார்; பிற்காலத்தில் பூட்டான் குடியுரிமையும் கிடைத்தது. 1995இல் அந்த மண்ணிலேயே காலமானார்.

அவருக்குப் பின், 1980களில் கனடா உலகப் பல்கலைக்கழகச் சேவை நிறுவனம் இளம் ஆசிரியர்களைப் பூட்டானுக்கு அனுப்பியது. மலையகத் தோட்டப் பகுதிகளில் தொழிற்பயிற்சித் திட்டங்கள் நடத்தியதும் இதே நிறுவனந்தான். அதன்மூலம் 1989இல் போனவர் ஜேமி செப்பா. ஒன்ராறியோவின் சூ சென் மரி நகரத்தவர். பெமாகட்ஷல் என்ற எட்டாக்கை ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியையானார். அந்த அனுபவத்தை 1999இல் நூலாக வெளியிட்டார்.

முதல் வாரங்களில் அவருக்குப் பயமும் தனிமையுந்தான். நோய் வருமோ, உணவு ஒத்துக்கொள்ளுமோ, மழைக்கு வீதி அடைபட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, திரும்பிப் போகவும் எண்ணினார். மிளகாயைக் கறிக்குப் போடும் சரக்காக அல்லாமல் மரக்கறியாகவே சமைத்து உண்ணும் நாடு அது. எமது பிள்ளைகளுக்கு அந்த அளவில் கஷ்டம் இராது! நாளடைவில் ஊரவர்களின் பேச்சு காதில் ஏற, பிள்ளைகள் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்க, அவர் அந்த ஊர்க்காரியானார். பின்பு ஷெரூப்சே கல்லூரிக்கு மாற்றம் கிடைத்தது. அங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது.

தெற்குப் பூட்டானின் தாழ்நிலத்தில் தலைமுறைகளாக நேபாளி பேசும் மக்கள் வாழ்ந்தனர். லொட்சாம்பா என்று பெயர், பெரும்பாலோர் இந்துக்கள். 1985இல் வந்த குடியுரிமைச் சட்டம், 1958ஆம் ஆண்டின் இறுதிக்கு முன் நாட்டில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1988இல் தெற்கில் குடிசன மதிப்பு நடந்தது. 1989இல் வடக்கத்தியரின் ஆடையும் ஆசாரமும் எல்லோருக்கும் கட்டாயமாயின; பாடசாலைகளிலிருந்து நேபாளி மொழி நீக்கப்பட்டது. 1990இல் எதிர்ப்பு ஊர்வலங்கள், கைதுகள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கிழக்கு நேபாளத்தின் அகதி முகாம்களில் இருந்தனர். அவர்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள், அல்லது தாமாகவே வெளியேறியவர்கள் என்பது பூட்டான் அரசின் நிலைப்பாடு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருக்கு என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வடக்கு மாணவர், தெற்கு மாணவர் இருசாராரும் செப்பாவின் வகுப்பில் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஆசிரியை என்ன செய்ய முடியும்? விசா அரசாங்கத்தின் கையில். அரசியலில் தலையிட்டால் அவரோடு மற்றத் தொண்டர்களும் வெளியேற வேண்டிவரலாம். அவர் இருசாராரும் சொன்னதைக் கேட்டார், பின்னர் எழுதினார். அந்த நாட்டின்மீது காதல் கொண்ட ஒருவரின் நூல் அது. ஒரு லொட்சாம்பா மாணவர் எழுதியிருந்தால் வேறு நூலாக இருந்திருக்கும். ஆயினும் வகுப்பறையில் மௌனமாக இருப்பதும், நடப்பதை அறியாமலே இருப்பதும் ஒன்றல்ல என்று நாம் கருதுகிறோம். மலையும் மடாலயமும் மட்டும் கண்டு திரும்பிய சுற்றுலாக்காரர் எத்தனையோ பேர்.

எனவே ஒரு பிள்ளை போகிறேன் என்றால், "போகாதே" என்று மறிப்பதிலும் பார்க்க வேறு சிலவற்றைக் கேட்பது பயன் தரும். அந்த நாட்டில் சிறுபான்மையினர் யார், அவர்களின் மொழி பாடசாலையில் இருக்கிறதா என்று படித்துவிட்டாயா? உன்னை அழைப்பவர்கள் அந்த ஊர்க்காரரா, அல்லது இங்கிருந்து அனுப்புபவர்களின் விருப்பம் மட்டுமா? நீ செய்யும் வேலையால் அங்குள்ள ஒரு ஆசிரியரின் சம்பளம் பறிபோகுமா? எத்தனை காலம் இருப்பாய்? செப்பாவின் ஒப்பந்தம் இரண்டு வருடம். ஆயிரக்கணக்கான டொலர் வாங்கிக்கொண்டு இரண்டு கிழமைக்கு அநாதை இல்லப் பிள்ளைகளோடு படமெடுக்க அனுப்பும் பயணங்களை நாம் தொண்டு என்று சொல்லமாட்டோம். வந்து பழகி இரண்டு கிழமையில் மறையும் அக்காமாரால் அந்தப் பிள்ளைகளுக்கு நன்மையிலும் துன்பமே அதிகம்.

முகாம்களில் இருந்தவர்களை 2007இன் பிற்பகுதி முதல் பல நாடுகள் ஏற்றன. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். கனடாவுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர்; அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் அவர்களின் பெரிய சமூகம் இருக்கிறது. நாம் நவராத்திரி வைக்கும் நாட்களில் அவர்கள் தசைன் கொண்டாடி, மூத்தோர் கையால் அரிசியும் தயிரும் குங்குமமும் கலந்த திலகம் பெறுகிறார்கள்.

அவர்களின் பிள்ளைகள் முகாம்களிலும் ஆங்கிலத்தில்தான் படித்தார்கள். பாடசாலைகளைக் காரித்தாஸ் நேபாளம் நடத்தியது. யேசு சபையின் அகதிகள் சேவை துணை நின்றது. மக்கி அடிகளார் சேர்ந்திருந்த அதே சபை. படிப்பித்தவர்களில் பெரும்பாலோர் அகதிகளே, சிறு கொடுப்பனவுடன் வேலை செய்த எமது தொண்டர் ஆசிரியர்களைப் போல.