எரர் காட்டும் வரியில்தான் தப்பு இருக்கிறதா?

“கோடிங்கில் கையே வைக்கவில்லை, ஆனால் பில்ட் ஆக மாட்டேன் என்கிறது.” வெப் அப்ளிகேஷன் எழுதுகிற எந்த டீமிலும் கேட்கும் புலம்பல் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் மாறியிருப்பது கான்ஃபிக் கோப்பு. அல்லது அதைப் படிக்கிற டூல். அல்லது அந்த டூல் எந்தப் பிரதியைப் படிக்கிறது என்பது. தேடப் போகிறவர்களைத் திசைதிருப்புவது, சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கேள்வியின்றிக் கைமாறி வரும் சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: எரர் எந்த வரியைச் சொல்கிறதோ, தப்பு அங்கேதான்

அந்த வரி, டூலுக்குப் புரியாமல் போன இடம். அவ்வளவுதான்.

பழைய ஏஎஸ்பி டாட்நெட் எம்விசி புராஜெக்ட்டுகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு எரர் நன்றாகத் தெரிந்திருக்கும். ‘மெஷின் டு அப்ளிகேஷன்’ என்றெல்லாம் நீளமாக வரும். சாரம் இது: இந்தப் பகுதியை அப்ளிகேஷன் மட்டத்துக்குக் கீழே எழுதக் கூடாது. சுட்டிக்காட்டுவது, வெப்.கான்ஃபிக்கில் உள்ள ஆதென்டிகேஷன் வரியை. போய்ப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. கூடவே ஒரு யோசனையும் சொல்லும்: ஐஐஎஸ்ஸில் விர்ச்சுவல் டைரக்டரியை அப்ளிகேஷனாக அமைக்காததால் இப்படி ஆகியிருக்கலாம் என்று. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் சொந்த மெஷினில் வெறுமனே பில்ட் செய்கிறவர் அதை நம்பி ஐஐஎஸ்ஸுக்குள் நுழைந்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

நடந்த கதை வேறு. புராஜெக்ட் கோப்பில் ‘எம்விசி பில்ட் வியூஸ்’ ட்ரூ என்று இருந்தால், வியூக்களில் பிழை உண்டா என்று பார்க்க, பில்ட்டின் முடிவில் ஏஎஸ்பிநெட் கம்பைலர் புராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் துழாவும். அதற்கு முன்பு செய்த பப்ளிஷ், ஓபிஜே ஃபோல்டரின் அடியில் வெப்.கான்ஃபிக்கின் பிரதி ஒன்றை விட்டுப் போயிருக்கும். நமக்கு அது குப்பை. கம்பைலருக்கோ புராஜெக்ட் ஃபோல்டர்தான் தளத்தின் வேர். ஓபிஜே அதற்குள் ஒரு துணை ஃபோல்டர். வேரில் மட்டும் அனுமதிக்கப்பட்ட ஆதென்டிகேஷனைத் துணை ஃபோல்டரின் வெப்.கான்ஃபிக்கில் கண்டதும் கத்துகிறது. விதிப்படி அது சொல்வது சரியே.

அவுட்புட் விண்டோவில் கோப்பின் முழுப் பாதையைப் படியுங்கள். நடுவில் ஓபிஜே என்று இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. கிளீன் கொடுத்தால் போய்விடும் என்று நினைப்போம். பல சமயம் போகாது. அந்த ஃபோல்டரையே கையால் அழிக்க வேண்டும். அடுத்த பப்ளிஷில் மறுபடி முளைக்கும் என்பதால், இந்த இடைநிலைக் கோப்புகள் போய் விழும் இடத்தையே புராஜெக்ட்டுக்கு வெளியே மாற்றிவிடுவது நிம்மதி. தளத்தை விஷுவல் ஸ்டூடியோவில் ஒரு ஃபோல்டர் மேலிருந்து திறந்துவிட்டாலும் இதே எரர்தான், இதே காரணம்தான்.

நம்பிக்கை: எல்லா ஜேசானும் ஒன்றுதான்

டைப்ஸ்கிரிப்ட்டின் டிஎஸ்கான்ஃபிக்.ஜேசானில் கமென்ட் எழுதலாம், கடைசிக் கமாவையும் விட்டுவைக்கலாம், கம்பைலர் பொறுத்துக்கொள்ளும். அதே பழக்கத்தில் பேக்கேஜ்.ஜேசானில் இரண்டு சாய்கோடு போட்டால் என்பிஎம் அங்கேயே நின்றுவிடும். ஜேசானைக் கொண்டுவந்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் கமென்ட்டை வேண்டுமென்றேதான் நீக்கினார். பார்சருக்கான உத்தரவுகளைச் சிலர் அதற்குள் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அது பரவினால் ஒருவர் எழுதிய கோப்பு இன்னொருவர் டூலுக்குப் புரியாது என்பது அவர் கவலை. கமா விட்டுப்போனாலும் எரர் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் காட்டும். மேல் வரியைப் பாருங்கள்.

நம்பிக்கை: யாமலில் மேற்கோள் குறி வெறும் அலங்காரம்

சிஐ கோப்பில் பைத்தான் பதிப்பு 3.9 என்று குறி இல்லாமல் எழுதியிருந்தது, நன்றாக ஓடியது. 3.10 வந்ததும் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து, 9-ஐ 1 ஆக்கினார்கள்; உடைந்தது. யாமல் அதை எண்ணாகப் படிக்கிறது, கணக்கில் 3.10-உம் 3.1-உம் ஒன்றே. பைப்லைன் 3.1-ஐத் தேடிப்போய்க் கைவிரிக்கிறது. நார்வேயின் நாட்டுக் குறியீடான ‘என்ஓ’, யாமல் 1.1 விதிப்படி ‘இல்லை’ என்ற ஃபால்ஸாக மாறிவிடுவது இன்னும் பிரபலம். 2009-இல் வந்த 1.2 அதைத் திருத்திவிட்டது. ஆனால் பைத்தான்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் பையாமல் போன்ற லைப்ரரிகள் பழைய விதியிலேயே நிற்கின்றன. பதிப்பு எண்ணா, குறியீடா, மேற்கோளுக்குள் போடுங்கள்.

நம்பிக்கை: மாற்றி சேவ் செய்தால் அமலுக்கு வந்துவிடும்

யார் படிக்கிறார்கள் என்பதைப் போலவே எப்போது படிக்கிறார்கள் என்பதும் முக்கியம். வெப்.ரிலீஸ்.கான்ஃபிக்கில் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை மாற்றிவிட்டு, ரிலீஸ் மோடில் எஃப்5 அழுத்திக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த மாற்றம் பப்ளிஷின்போதுதான் நடக்கும். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ‘நெக்ஸ்ட் பப்ளிக்’ என்று தொடங்கும் மாறிகளும், வைட்டில் ‘வைட்’ என்று தொடங்குபவையும் பில்ட் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் பதிந்துவிடும். பிறகு சர்வரில் மாற்றி எத்தனை ரீஸ்டார்ட் கொடுத்தாலும் பிரவுசருக்குப் போவது பழைய மதிப்புதான். மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். அந்த முன்னொட்டோடு ரகசியச் சாவியை வைப்பவர், அதைப் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தானே அனுப்பிவைக்கிறார்.

நம்பிக்கை: குழம்பினால் எல்லாவற்றையும் அழி, மறுபடி இன்ஸ்டால் செய்

நோட் மாட்யூல்ஸை அழிக்கலாம். ஓபிஜேயைப் போல அதுவும் மறுபடி உண்டாகும். பேக்கேஜ்-லாக் அப்படியல்ல. டூல் எழுதியதுதான் என்றாலும், எந்தப் பதிப்புகளில் இது ஓடியது என்ற பதிவு அதில்தான் இருக்கிறது. அதை அழித்தால் என்பிஎம், பேக்கேஜ்.ஜேசான் அனுமதிக்கும் எல்லைக்குள் புதிய பதிப்புகளை இழுத்துவரும்; ஒரு எரரைத் தேடிய இடத்தில் இரண்டு நிற்கும். லாக் கோப்பை வைத்துக்கொண்டு என்பிஎம் சிஐ கொடுங்கள். பேக்கேஜ்.ஜேசானும் லாக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், எதையும் திருத்தாமல் அது மறுத்துவிடும்.

நம்பிக்கை: தேடிக் கிடைத்த வரியை ஒட்டினால் வேலை முடிந்தது

2021 அக்டோபரில் நோட் 17, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-உடன் வந்தது. வெப்பேக் 4 வழக்கமாகப் பயன்படுத்திய எம்டி4 ஹாஷை ஓப்பன்எஸ்எஸ்எல் 3 பழையவற்றின் வரிசையில் ஒதுக்கியிருந்தது. ஏராளமான ரியாக்ட், வியூ புராஜெக்ட்டுகள் ஒரே எரரில் நின்றன. உடனே பரவிய மருந்து, ‘ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி புரொவைடர்’ என்ற ஆப்ஷன். பலர் அதை பேக்கேஜ்.ஜேசானின் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவைத்தார்கள். எரர் போனது. ஆனால் நோட் 16 இருக்கும் மெஷினில் அந்த ஆப்ஷனுக்கே அனுமதியில்லை என்று பில்ட் நிற்கும். வெப்பேக்கைப் புதுப்பிப்பதுதான் வழி. அதுவரை அந்த வரி தேவை என்றால் இருக்கட்டும். ஏன் சேர்த்தோம் என்று பக்கத்தில் எழுதிவைக்கலாம் என்றால் பேக்கேஜ்.ஜேசானில் கமென்ட்டுக்கு இடமில்லை. கமிட் மெசேஜில் எழுதிவிடுங்கள்.