பலாலியிலிருந்து றோலர் கோஸ்ரர் வரை: பிள்ளைகளோடு முதல் வெளிநாட்டுத் தீம் பார்க் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துக் குடும்பம் வெளிநாடு போகிறதென்றால் பெட்டிக்குள் முதலில் ஏறுவது மிளகாய்த்தூள். பயணத் திட்டத்தில் முதலில் ஏறுவது உறவுக்காரர் பட்டியல். கலியாண வீடு, கோயில் நேர்த்தி, ரி.நகர்ச் சேலைக்கடை எல்லாம் முடிந்து மிஞ்சுகிற அரை நாளில்தான் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்த பார்க் வரும். மத்தியானம் 2 மணிக்கு உள்ளே போய், இரண்டு வரிசையில் நின்று, ஒரு ஐஸ்கிறீமோடு வெளியே வருவார்கள். ரிக்கெற் காசு மட்டும் முழு நாளுக்குப் போயிருக்கும்.

அந்த வரிசையைத் தலைகீழாக்குவதற்குத்தான் இந்த வழிகாட்டி. பார்க்குக்கு ஒரு முழு நாள், அடுத்த நாள் ஓய்வு. இந்த இரண்டையும் கலண்டரில் குறித்த பிறகு மிச்ச நாட்களை மாமிமாருக்கும் சித்திமாருக்கும் பங்கிடுங்கள். யாராவது கோவித்தால் அது உங்கள் பாடு.

1. பிள்ளையின் உயரத்தை அளந்து பாருங்கள்

ஊரைத் தெரிவு செய்வதற்கு முன்னமே செய்ய வேண்டிய வேலை இது. சப்பாத்தைக் கழற்றி, குதிக்கால் சுவரில் முட்ட நிற்பாட்டி, தலைக்கு மேல் ஒரு கொப்பியைச் சமமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அளவு நாடா. கிடைக்கிற இலக்கத்தை சென்ரிமீற்றரில் எழுதி வையுங்கள்.

சிங்கப்பூர் யூனிவேர்சல் ஸ்ரூடியோஸில் கனபி ஃபிளையருக்கு 92 செ.மீ. போதும். ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்கு 102, ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107, மம்மிக்கு 122, இரட்டைத் தண்டவாள கலாக்டிகாவுக்கு 125 வேண்டும். வயதைச் சொல்லிச் சமாளிக்க இயலாது. சவாரியின் வாசலிலேயே அளவுகோல் நிற்கும். 121 செ.மீ. பிள்ளை அழுதாலும் விடமாட்டார்கள். விடாமலிருப்பதுதான் சரி, இருக்கையின் பாதுகாப்புச் சட்டகம் பிடிக்கிற உடம்பளவைப் பார்த்து வைத்த கணக்கு அது.

இந்தியாவில் வொண்டர்லா போன்ற பார்க்குகளில் பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்பார்கள். சிறுவர் ரிக்கெற்றும் அங்கே உயரக் கணக்கில்தான். சிங்கப்பூரில் அது வயதுக் கணக்கு: 4 முதல் 12 வரை சிறுவர் ரிக்கெற், 4 வயதுக்குக் கீழே இலவசம். இதிலிருந்தே பாதித் தீர்மானம் வந்துவிடும். பிள்ளைகள் 100க்கும் 125க்கும் இடையில் என்றால் சிங்கப்பூரில் செய்ய நிறைய இருக்கிறது. மீசை அரும்புகிற வயதென்றால் சென்னையே போதும், காசும் மிஞ்சும்.

2. சென்னையா, சிங்கப்பூரா?

சென்னைப் பக்கம் வீஜீபி, எம்ஜிஎம் இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. அப்பாமாருக்கு வீஜீபி என்றதும் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதர்தான் ஞாபகம் வருவார். அவரைச் சிரிக்க வைக்கிற போட்டியைத் தவிரப் புதிதாக ஒன்று பார்க்க வேண்டுமென்றால் வொண்டர்லா. 2000இல் கொச்சியில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கி, 2005இல் பெங்களூர், 2016இல் ஹைதராபாத் என்று பரவிய நிறுவனம் அது. 2025 டிசெம்பரில் சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமாகத் திறந்திருக்கிறார்கள். தரைச் சவாரியும் தண்ணீர்ச் சவாரியும் ஒரே வளவுக்குள்.

சிங்கப்பூர் யூனிவேர்சல், செந்தோசாத் தீவில் 2010இல் கதவு திறந்தது. சின்ன பார்க் என்று குறை சொல்பவர்கள் உண்டு. முதல் தடவை போகிற குடும்பத்துக்கு அந்தச் சிறுமை வசதிதான், கால் ஓய்வதற்கு முன்னம் சுற்றி முடிக்கலாம். 2025 பெப்ரவரியில் மினியன் பகுதியும் சேர்ந்துவிட்டதால் சின்னவர்களுக்கும் வேலை உண்டு.

பிள்ளை மிக்கி மவுஸ்தான் வேண்டுமென்று நின்றால் முன்கூட்டியே பேசி முடியுங்கள். சிங்கப்பூரில் டிஸ்னி பூங்கா இல்லை. ஆசியாவில் டோக்கியோ, ஹொங்கொங், ஷங்காய் மூன்றிலும் இருக்கிறது. மூன்றுக்கும் விசா அலுவல் பெரிது. ஜொகூரில் உள்ள லெகோலாண்டை சிங்கப்பூர்ப் பயணத்தோடு ஒட்டவைக்கச் சொல்லிப் பயண முகவர்கள் ஆசை காட்டுவார்கள். அதற்கு மலேசிய விசா தனி, எல்லையில் இரண்டு தடவை வரிசை தனி. முதல் பயணத்தில் வேண்டாம்.

3. கடவுச்சீட்டு

முன்பெல்லாம் இதற்கே வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஒரு நாள் போகும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறந்த பிறகு, கச்சேரிக்குப் போய் வருகிற அலுவலாகிவிட்டது. படத்தை மட்டும் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவிலேயே எடுக்க வேண்டும்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கடவுச்சீட்டு பெரியவர்களுடையதைப்போல் 10 ஆண்டு செல்லாது, 3 ஆண்டுதான். போன பயணத்துக்கு எடுத்தது அலுமாரிக்குள் இருக்கிறது என்று நம்பி ரிக்கெற் போடாதீர்கள். போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு எடுக்கும்போது தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கே கொஞ்சக் காலம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து ஊர் திரும்பியவர்கள் குடியுரிமைச் சான்றிதழையும் தேடி எடுக்க வேண்டும். பலருக்கு இழுபடுவது இந்த இடம்தான்.

பெயர் விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். நம்மிடம் பிள்ளையின் முன்பெயர் தகப்பனுடையது, தாயின் முன்பெயர் அவருடைய தகப்பனுடையது. வேறு வேறு பெயர் போட்ட கடவுச்சீட்டுகளோடு தாய் தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் எங்காவது ஒரு மேசையில் கேள்வி வரலாம். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கைப்பையில் வைத்திருங்கள். ரிக்கெற்றில் பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே, எழுத்துக்கு எழுத்து.

4. விசா

சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் சிங்கப்பூரைத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குக் காசு கேட்கிற தளம் கண்ணில் பட்டால் அது அரசின் தளமில்லை. திரும்பும் ரிக்கெற், தங்குமிடப் பதிவு, செலவுக்குக் காசிருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் தாளாக வைத்திருங்கள். விசா வேண்டாம் என்பதால் உள்ளே விடுவது உறுதியென்று ஆகாது.

இந்தியாவுக்கு இ-விசா உண்டு. கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். படம் ஜேபெக்காகவும் கடவுச்சீட்டுப் பக்கம் பீடிஎஃப் ஆகவும் ஏற்ற வேண்டும். தாய் தகப்பனின் பிறந்த இடம், பாட்டன் பாட்டி பாகிஸ்தான் பிரசைகளா என்றெல்லாம் கேட்கும். பயப்படாமல் உள்ளதை நிரப்புங்கள். இ-விசாவோடு நுழையக்கூடிய விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கப்பலில் போக நினைப்பவர்கள் அதைப் பார்க்காமல் காசு கட்டக்கூடாது.

5. எந்த மாதம்

ஆவணி விடுமுறையில் நல்லூர்க் கொடியேறிவிடும். 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, வெளிநாட்டு உறவுகளும் வந்து நிற்பார்கள், விமானச் சீட்டும் விலையேறும். அது நம் ஊரில் இருக்கிற மாதம். டிசெம்பரில் சென்னையில் மழை, சிங்கப்பூரில் மழையோடு அவர்களுடைய பள்ளி விடுமுறையும். மின்னல் அடித்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அதற்காகக் காசு திரும்பாது.

எனக்குப் பிடித்தது சித்திரை விடுமுறை, வருடப்பிறப்பு முடிந்த கிழமை. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறைக் கூட்டம் அப்போது முழுதாகத் தொடங்கியிராது. வெயில் கொடுமைதான், ஆனால் தண்ணீர்ச் சவாரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எந்த மாதமானாலும் பார்க்குக்குச் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்று.

6. போகிற வழி

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கொரோனாவோடு மூடி, 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை மீண்டது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் பறக்கிறது. காற்றாடி வைத்த ஏரீஆர் விமானம், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. சின்ன விமானம் என்பதால் பொதி நிறையில் கண்டிப்பு இருக்கும், ரிக்கெற்றில் எழுதியிருக்கிற கிலோவைப் பாருங்கள். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் மலிவு, அனுபவமும் நல்லது. ஆனால் நாகையிலிருந்து சென்னைக்கு இன்னொரு இரவுப் பயணம் இருக்கிறது, கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். பார்க் நாளுக்கு முந்திய நாள் கப்பலில் இறங்குவது புத்தியில்லை.

சிங்கப்பூருக்குக் கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானம், ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அதே இரவு விமானம் ஏறி, விடிய இறங்கி, அன்றைக்கே பார்க்குக்குப் போக நினைக்கிற வீரர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் மத்தியானம் நடைபாதை வாங்கிலிலேயே நித்திரையாகிவிடும். பலாலி–சென்னை–சிங்கப்பூர் என்று போவதானால் ஒரே ரிக்கெற்றாகப் போடுங்கள். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டிவரும், அதற்கு இந்திய விசா வேண்டும்.

7. காசும் ரிக்கெற்றும்

நான்கு பேருக்கு விமானச் செலவுதான் பெரிய துண்டு. பார்க் ரிக்கெற் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே விமானச் சீட்டில் மிச்சம் பிடியுங்கள், பார்க் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம். ரிக்கெற்றைப் பார்க்கின் சொந்தத் தளத்தில் திகதி போட்டு வாங்குங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பாவனை திறந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னிரவில் சாங்கி விமான நிலையத்தில் அட்டை மறுக்கப்பட்டால் யாரைக் கேட்பது?

8. தங்குவதும் சாப்பிடுவதும்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். சேலைக்கடைக்காக இல்லை, ரயிலுக்காக. அங்கே ஊதா நிறப் பாதையில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரன்ட் வரை போகலாம், மேலே விவோசிட்டியில் செந்தோசா ரயில். காலையில் சேரங்கூன் வீதியில் இட்டலி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற அம்மம்மாவுக்கும் கவலையில்லை.

வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புட்டுப் பொதி வேண்டாம். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். அப்பப்பாவின் வெற்றிலைப் பையை வீட்டிலேயே சோதியுங்கள்: சப்புகிற புகையிலை சிங்கப்பூருக்குள் தடை, யாழ்ப்பாணப் புகையிலை என்று பெருமை சொல்லியும் பயனில்லை.

9. பார்க் நாள்

கதவு திறக்க அரை மணிக்கு முன்னம் போய் நில்லுங்கள். எல்லாரும் வாசல் பக்கம் படமெடுக்கும்போது நீங்கள் நேரே போய் வரிசை நீளுகிற சவாரிகளை முடியுங்கள். முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிறது பின்னேரம் முழுக்க நின்றாலும் முடியாது. மத்தியான வெயிலுக்குக் குளிரூட்டிய உள்ளரங்கக் காட்சிகள். சாப்பாட்டை 11.30க்கோ 2 மணிக்குப் பிறகோ வையுங்கள்.

சென்னைப் பார்க் என்றால் உடுப்பு முக்கியம். கீரிமலைக் கேணியில் இறங்குவதுபோல் சோட்டியோடும் சாரத்தோடும் தண்ணீர்ச் சவாரியில் இறங்க விடமாட்டார்கள். நைலோன் அல்லது லைக்ரா உடுப்புத்தான். சங்கிலி, காப்பு எல்லாம் விடுதியில் விட்டுவிடுங்கள். தாலிக்கொடி போடுகிறவர்கள் அதை உடுப்புக்குள் இறுக்கிக் கட்டாமல் சறுக்கில் ஏறக்கூடாது.

10. ஐரோப்பா, கனடா உறவு வீட்டோடு சேர்த்துப் போவதானால்

பாரிஸ் லாசப்பலில் தங்கினால் 1992இல் திறந்த பாரிஸ் டிஸ்னிலாண்ட் எட்டுகிற தூரம்தான். கார்து நோரிலிருந்து ஒரு நிறுத்தம் போய், ஷாத்லேயில் ஆர்ஈஆர் ஏ பாதைக்கு மாறி, கடைசி நிறுத்தமான மார்ன்-லா-வல்லே ஷெசியில் இறங்க வேண்டும். அந்தப் பாதை வன்சென்னுக்குப் பிறகு இரண்டாகப் பிரியும், பலகையில் ஷெசி என்று இருக்கிற ரயிலில் மட்டும் ஏறுங்கள். செங்கன் விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இல்லை. 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். உறவு வீட்டில் தங்குவதானால் அவர்கள் தங்கள் நகரசபையில் வரவேற்புச் சான்று எடுத்து அனுப்ப வேண்டும், அதைச் சித்தப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரொறன்ரோப் பக்கம் போகிறவர்களுக்கு வோனிலுள்ள வொண்டர்லாண்ட், கோடை காலத்தில்.

11. திரும்பும் நாள்

பார்க்கில் வாங்கிய பொம்மைத் துவக்கும் வாளும் கைப்பையில் போனால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும், பிள்ளையின் அழுகை பலாலி வரைக்கும் கேட்கும். அவற்றை முந்திய இரவே பெரிய பெட்டிக்குள் அடுக்குங்கள். நிறை கூடினால் எடுத்து வைக்க வேண்டியது சேலைகளை.