சாவியும் காப்பீடும்

தந்தைக்குத் தெரியாமல் மகன் காரை எடுத்துச் சென்று ஒருவர் மீது மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருமா? தராது என்பதே பலரின் எண்ணம். ஆயின் நம் நாட்டு மோட்டார் பாலிசியிலுள்ள ஓட்டுநர் விதி, ஓட்டியவர் யார் என்று பார்ப்பதைவிட, அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் உண்டா என்றே பார்க்கிறது. லைசென்ஸ் உள்ள மகனாயின், அடிபட்டவருக்குப் பொதுவாகக் கம்பெனியே நஷ்டஈடு தரும்.

லைசென்ஸ் இல்லாவிடில்தான் சிக்கல். உரிமையாளரின் கவனக்குறைவையும் கம்பெனியே மெய்ப்பிக்க வேண்டும் என 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியானால், 'எனக்குத் தெரியாமல் எடுத்தான்' என்றால் தப்பிவிடலாமோ? 2011-இல் அதே நீதிமன்றம் தீர்த்த வழக்கைப் பாருங்கள். 18 வயது நிரம்பாத உறவுப் பையன், கேளாமலே சாவியை எடுத்து மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்றான். விபத்தில் ஒருவர் இறந்தார். இறந்தவர் குடும்பத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதனை உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளலாம் என்பதே தீர்ப்பு. சாவியைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாதபடி காப்பது உரிமையாளரின் பொறுப்பாம்! நம் வீடுகளிலோ அது வாசலருகே ஆணியில் தொங்குகிறது.

2019 செப்டம்பர் முதல் சட்டம் இன்னும் கடுமையாகியுள்ளது. சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்ததாகவோ மெய்ப்பித்தால் தண்டனை இல்லை. ஆனால் மெய்ப்பிக்கும் சுமை அவர்களுடையதே.