துருப்பிடித்த உளியை எடைக்குப் போடாதீர்கள்

பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் பழைய உளி, வாய்ச்சி, இழைப்புளி ஆகியவை துருவேறிக் கிடப்பதுண்டு. மண்வெட்டிக் காம்பு, ஏர்க்கால் செதுக்க இவையே போதும். பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் விவசாயிகள் இவற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தேர்வு: வெட்டுவாயில் விரிசலோ ஆழமான குழியோ இருந்தால் கழித்துவிட வேண்டும். வாய்ப்பகுதியில் அரம் கடிக்காமல் வழுக்கினால் எஃகில் பதம் உள்ளது எனலாம்.

துரு நீக்குதல்: பிடியைக் கழற்றி, இரும்பைக் கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். அதிக நாள் ஊறினால் இரும்பே அரிக்கப்படும். காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, சலவை சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

எச்சரிக்கை: துருவை நெருப்பில் சுட்டு நீக்கக் கூடாது. சுமார் 300 டிகிரி சென்டிகிரேடில் எஃகு நீலநிறமாகிப் பதம் இழக்கும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போதும் அடிக்கடி தண்ணீரில் நனைப்பது அவசியம்.

தீட்டுதல்: உளியின் பின்புறத்தை முதலில் தட்டையாக்கி, சாணைக்கல்லில் 25 முதல் 30 டிகிரி சாய்வில் தீட்ட வேண்டும். வாய்ச்சிக்குக் காய்ந்த கருவேலங்காம்பை ஆடாமல் இறுக்கிப் பொருத்த வேண்டும். காம்பு தளர்ந்த வாய்ச்சி கழன்று காலில் விழும்.