வேண்டும்போது அழைக்கும் நிரல்

அயப்பாக்கம், அயனம்பாக்கம் ஆகிய இரண்டும் அம்பத்தூரை அடுத்துள்ள ஊர்கள். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி எழுத்தாதலால், அகரவரிசையில் அயப்பாக்கமே முதலில் நிற்க வேண்டும். கணினியோ அயனம்பாக்கத்தை முன்னிறுத்துகிறது. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன்பாகவே வைக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணம். வகரத்திற்கு முன் ழகரம் வைக்கப்பட்டதால் ஆவடியும் ஆழ்வார்திருநகரும் அவ்வாறே இடம் மாறுகின்றன. நூலக அட்டவணையிலோ தேர்வர் பட்டியலிலோ பெயர் தேடுபவர், இருக்கும் பெயரையே இல்லையெனக் கருதிச் சென்றுவிடக்கூடும்.

இக்குறையை நீக்கும் நிரல் ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற மென்பொருள் நூலகத்தில் உள்ளது. ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் பிறரும் இதனைப் பைத்தான் மொழியில் வளர்த்தனர். இரு சொற்களுள் எது முந்தையது எனத் தமிழ் முறைப்படி ஒப்பிடும் செயற்கூறு இதில் உண்டு. அச்செயற்கூற்றைப் பைத்தான் 2 தன் வரிசையாக்கக் கட்டளையில் நேரடியாக ஏற்றது. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 அவ்வழியை நீக்கிவிட்டது. அதில் ‘ஃபங்க்டூல்ஸ்’ என்னும் தொகுதியின் துணை வேண்டும். எனவே, பதிப்பு மூன்றாயின் மட்டும் அத்தொகுதியை ஏற்றுமாறு நிரலில் நிபந்தனை எழுதப்பட்டது.

சி++ மொழியில் ‘இன்க்லூட்’ என்பது நிரல் இயங்குவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை. பைத்தானில் ‘இம்போர்ட்’ என்பது பிற கட்டளைகளைப் போலவே, தன் முறை வரும்போது இயங்கும் ஒரு கட்டளை. ஆகவே அதனை ‘இஃப்’ கட்டளைக்குள் அடக்கலாம். நிபந்தனை பொய்யானால் தொகுதி ஏற்றப்படாது. அதற்கான நேரமும் நினைவகமும் செலவாவதில்லை.

பதிப்பெண்ணைச் சரமாக ஒப்பிடுவது எளிதாயினும் நல்ல பழக்கமன்று. சரங்கள் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படுவதால், ‘10’ என்னும் சரம் ‘3’ என்பதைவிடச் சிறியதாகிவிடும். எண்களாக ஒப்பிடுவதே முறை.

பதிப்பைப் பாராமல், தொகுதியை ஏற்ற முயன்று, இயலாவிடின் மாற்றுவழி மேற்கொள்வதும் உண்டு. ‘ட்ரை’, ‘எக்ஸெப்ட்’ ஆகிய சொற்கள் இதற்கு உதவும். இம்முறையில் விழிப்பு மிகவும் தேவை. தொகுதி இருந்தும், அதனுள் அழைக்கப்படும் வேறொன்று இல்லாதபோதும் அதே பிழைதான் எழும். அதனை ஆராயாமல் மாற்றுவழியில் ஒருங்குறி வரிசையையே எழுதிவைத்தால், பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பட்டியல் மட்டும் தவறான வரிசையில் அச்சாகும்.