ஏரிக்கரை ஓரமாக மெல்ல மிதியுங்கள்: மெக்லன்பர்க்கில் சைக்கிள் பயணம் போக ஒரு வழிகாட்டி

காட்டுக்குள் சைக்கிள் விட வேண்டும், வழியில் தென்படும் ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஸ்வீடனையும் பின்லாந்தையும்தான் முதலில் நினைப்பார்கள். பெர்லினில் இருப்பவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கி வந்த பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள், பெர்லினுக்கு வடக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளாக நிரம்பிக் கிடக்கின்றன. மெக்லன்பர்க் ஏரி நாடு என்று அதற்குப் பெயர். நடுநாயகம் மியூரிட்ஸ். கான்ஸ்டன்ஸ் ஏரியை ஜெர்மனி அண்டை நாடுகளோடு பங்குபோட்டுக்கொள்வதால், முழுக்க ஜெர்மன் மண்ணிலேயே கிடக்கும் ஏரிகளில் இதுதான் பெரியது.

பெர்லினிலிருந்து கோபன்ஹேகன் வரை போகும் நெடுந்தூர சைக்கிள் பாதை இந்த ஏரிகளின் ஊடாகத்தான் வடக்கே செல்கிறது. அதை முழுதாக முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் நாளுக்கு நூறு கிலோமீட்டர் விரட்டுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு அல்ல. ஃபூர்ஸ்டன்பெர்க்கில் ரயிலை விட்டு இறங்கி, வாரன் நகரில் மறுபடி ரயில் ஏறும் நிதானமான நாலைந்து நாள் பயணம் ஒன்றைச் சொல்கிறேன். நாளுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். காடும் ஏரியும் பார்க்கப் போய்விட்டு முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வருவதில் என்ன இருக்கிறது?

எப்போது போவது

மே கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை போகலாம். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை என்பதால் அறை கிடைப்பது சிரமம், விலையும் ஏறும். என்னைக் கேட்டால் செப்டம்பரைச் சொல்வேன். கொசு குறைந்திருக்கும், ஏரித் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது, தெற்கே போகும் பெருங்கொக்குகள் மாலையில் கூட்டங்கூட்டமாக ஏரிக்கரைச் சேற்றில் வந்து இறங்கும்.

ரயிலும் சைக்கிளும்

பெர்லினிலிருந்து ரோஸ்டோக் போகும் ஆர்.இ.5 ரயில்தான் இந்தப் பயணத்துக்கு முதுகெலும்பு. ஃபூர்ஸ்டன்பெர்க், நோய்ஸ்ட்ரேலிட்ஸ், வாரன் மூன்றும் அதே பாதையில் இருக்கின்றன. மழை பிடித்துக்கொண்டாலோ முட்டி வலித்தாலோ நடுவில் ஏறித் திரும்பிவிடலாம். ஃபூர்ஸ்டன்பெர்க்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஜெர்மனி டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ரயில் டிக்கெட் வேண்டாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய இந்த மாதச் சந்தா 2025இல் 58 யூரோ ஆகி, 2026இல் 63க்கு ஏறியிருக்கிறது. ஆனால் அது ஆளுக்குத்தான்; சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பலர் பரிசோதகரிடம் மாட்டுவது இந்த இடத்தில்தான். விரைவு ரயிலான ஐ.சி.இ.யில் போவதென்றால் சைக்கிளுக்கு முன்பதிவும் கட்டாயம்.

சைக்கிள் படம் வரைந்த கதவருகே நின்று ஏறுங்கள். பைகளைப் பிளாட்ஃபாரத்திலேயே கழற்றிவிட்டு, சைக்கிளை முதலில் ஏற்றிப் பிறகு பையை எடுத்துக்கொள்வதுதான் எளிது. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று பக்கத்துச் சைக்கிள்காரரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் இறங்குபவரின் வண்டி வெளிப்பக்கம் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் வந்தால் இடம் அவற்றுக்குத்தான்.

எந்த சைக்கிள், என்ன டயர்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. ஏழெட்டு கியர் உள்ள சாதாரண வண்டி போதும். மலை எதுவும் கிடையாது, பனிப்பாறை குவித்துவிட்டுப் போன மேடுகள்தான். டயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலம் என்றால் அவதிப்படுவீர்கள். காரணம் இந்த ஊர்த் தரை. பைன் காட்டுக்குள் பாதை திடீரென்று கடற்கரை மணலாகிவிடும். மணல் தெரிந்ததும் முன்கூட்டியே லேசான கியருக்கு மாறி, ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்காமல், முன் பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராக மிதியுங்கள். சக்கரம் புதைந்துவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, இந்த ஊர்க்காரர்களும் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். கிராமங்களுக்குள் உருண்டைக் கல் பதித்த பழைய தெருக்கள் பல்லைக் கிட்டிக்க வைக்கும். கிழக்கு ஜெர்மனி காலத்தில் டிராக்டருக்காகப் போட்ட கான்கிரீட் பலகைப் பாதைகளும் வரும்: இரண்டு வரிசைப் பலகை, நடுவில் புல், பலகைக்குப் பலகை ஒரு குலுக்கல். காற்றைச் சற்றே குறைத்துக்கொண்டால் குலுக்கல் தாங்கும்.

பஞ்சர் சாமான்கள் கட்டாயம். காட்டுக்குள் பஞ்சர் கடைக்கு எங்கே போவது? கிளம்பும் முன்பே உங்கள் ட்யூபின் வால்வைப் பாருங்கள். ஜெர்மனியில் மூன்று வகை ஓடுகிறது. ஒன்று நம்மூர் சைக்கிளில் உள்ளதைப் போன்றது. முறுக்குத் தொப்பியைக் கழற்றினால் உள்ளிருப்பது கையோடு வந்துவிடும். இரண்டாவது கார் டயரில் இருப்பது. பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவது ஒல்லியாக நீண்டிருக்கும். அதன் நுனியில் உள்ள குட்டித் திருகைத் தளர்த்தாமல் பம்ப் அடித்தால் ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே போகாது. மாற்று ட்யூபும் பம்ப்பும் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சாமானை முதுகில் சுமக்க வேண்டாம். கேரியரின் இருபக்கமும் மாட்டும் தண்ணீர் புகாத பைகளில் எடை சமமாக இருக்கட்டும். முன் விளக்கு, பின் விளக்கு, மணி, பிரதிபலிப்பான்கள் சட்டப்படி வேண்டும். ஹெல்மெட் கட்டாயமில்லை, ஆனால் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது. நீல வட்டத்துக்குள் வெள்ளை சைக்கிள் பலகை இருந்தால் அந்தப் பாதையைத்தான் பயன்படுத்த வேண்டும். மதிய சாப்பாட்டோடு பீர் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தத்தில் 1.6 பெர்மில் மதுவோடு சைக்கிள் ஓட்டினால் அது அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு.

இரவு எங்கே தங்குவது

ஸ்வீடனில் காட்டில் ஓரிரவு கூடாரம் அடிக்க எல்லோருக்கும் வழக்கப்படி உரிமை உண்டு. ஜெர்மனியில் கிடையாது, அதிலும் தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் கனவிலும் வேண்டாம். முகாம் இடங்கள் ஏரிக்கரைகளில் ஏராளம். கூரை வேண்டுவோர் ‘பெட் பிளஸ் பைக்’ முத்திரை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். ஏ.டி.எஃப்.சி. என்ற ஜெர்மன் சைக்கிள் சங்கம் தரும் முத்திரை அது. ஒரே ஓர் இரவு தங்குபவரையும் அவர்கள் ஏற்பார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் கொடுப்பார்கள். விடுமுறைக் குடியிருப்புகளில் ஒரு வாரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலும் ‘இல்லை’தான்.

பாதை

முதல் நாள் ஃபூர்ஸ்டன்பெர்க்கிலேயே இருங்கள். ஊரை ஒட்டிய ஷ்வேட்ஸே ஏரியின் எதிர்க்கரையில் ராவன்ஸ்ப்ரூக். 1939 முதல் 1945 ஏப்ரல் கடைசி வரை நாஜிகள் பெண்களுக்காக நடத்திய வதைமுகாம் அது. இறந்தவர்களின் சாம்பலை அந்த ஏரியில் கொட்டினார்கள். 1959இல் அமைத்த நினைவகத்தில், ஏரியைப் பார்த்தபடி, துவண்டுபோன இன்னொரு பெண்ணைத் தாங்கி நிற்கும் பெண்ணின் சிலை இருக்கிறது. சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு அரை நாளாவது ஒதுக்குங்கள். இதைப் பார்த்துவிட்டு உடனே பயணம் தொடர மனம் வராது என்பதால்தான் முதல் நாளை இங்கேயே முடிக்கச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் வேசன்பெர்க். மேற்கே சற்று விலகினால் மீரோ. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ராணி ஷார்லட் 1744இல் இங்கே பிறந்தார். பூங்கொத்துகளில் வரும் ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ பூவின் தாவரவியல் பெயரான ஸ்ட்ரெலிட்ஸியா அவர் குடும்பத்தின் பெயர்தான்.

வேசன்பெர்க்கைத் தாண்டி மியூரிட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறீர்கள். கிழக்கு ஜெர்மனியின் கடைசி அரசு போகிற போக்கில் செய்த நல்ல காரியம் இது: பூங்கா 1990 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது, இரண்டே நாளில் அந்த நாடே இல்லாமல் போயிற்று. அதுவரை கிழக்குக் கரைக் காடு கட்சித் தலைவர்கள் வேட்டையாடும் தனிக் காடாக இருந்தது. சாதாரண மக்களை அண்டவிடாததால் பறவைகள் பிழைத்துக்கொண்டன என்பது விசித்திரமான நன்மை. குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். புகை, தீ இரண்டும் கூடாது. மணற்பாங்கான பைன் காடு கோடையில் சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

கிராட்ஸெபுர்க்கைக் கடந்து அங்கர்ஸ்ஹாகனில் நில்லுங்கள். ட்ராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமான் சிறுவனாக வளர்ந்த பாதிரியார் வீடு இப்போது அருங்காட்சியகம். வெளியே பெரிய மரக்குதிரை நிற்கிறது. பதினான்கு வயதில் அவன் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஊர், நீங்கள் ரயிலிலிருந்து இறங்கிய அதே ஃபூர்ஸ்டன்பெர்க். பெர்லினுக்குள் ஓடும் ஹாவல் ஆறு பிறப்பதும் இந்தப் பக்கத்தில்தான்.

அங்கிருந்து வாரன். ஒரு நாளை வாரனில் மிச்சம் வையுங்கள். சுமையை அறையில் விட்டுவிட்டு ஃபெடரோ, ஷ்பெக் கிராமங்கள் வழியாகக் கிழக்குக் கரையில் சுற்றுங்கள். ஃபெடரோவில் விராலடிப்பான் கூட்டை கேமரா வழியே நேரலையாகக் காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் நம் பழவேற்காட்டிலும் தென்படும் பறவை; இங்கே உயர் மின்கோபுரத்தின் உச்சியில் குச்சி அடுக்கிக் குஞ்சு பொரிக்கிறது. ஏரியை முழுதாகச் சுற்றிவரும் பாதை 80, 90 கிலோமீட்டர் இருக்கும். சீசனில் ஓடும் படகுகள் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வதால் பாதி மிதித்து மீதியைத் தண்ணீரில் கடக்கலாம்.

சாப்பாடு, குளியல், உண்ணி

பல கிராமங்களில் கடையே கிடையாது; ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான இடங்களில் மூடல். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும், அட்டை எடுக்காத கடைகள் உண்டு. மீன் சாப்பிடுவோருக்குக் கவலையில்லை: கரையோர மீனவர் கடைகளில் அன்றன்று புகையில் வாட்டிய மீன் கிடைக்கும், தோலை உரித்து ரொட்டியோடு சூடாகத் தின்னலாம். சைவக்காரர்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் குவார்க் என்ற தயிர்க்கட்டியும்தான் கதி. முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள்.

ஏரியில் குளிக்க ‘பாடஷ்டெல்லே’ என்ற பலகை உள்ள இடங்களில் இறங்குங்கள். ‘எஃப்கேகே’ என்று எழுதியிருந்தால் அங்கே துணி இல்லாமல் குளிப்பார்கள். கிழக்கு ஜெர்மனியின் பழைய பழக்கம், குடும்பத்தோடு வருவார்கள், யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம்.

புல்லில் உட்கார்ந்து எழுந்தால், மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி எள்ளளவுதான் இருக்கும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சுடுவது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தில் அடுத்த வாரங்களில் சிவப்பு வளையம் விரிந்தால் லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும். அவசரத்துக்கு எண் 112.

திரும்புகையில்

ஞாயிறு மாலை வாரனிலிருந்து பெர்லின் போகும் ரயிலை நம்பாதீர்கள். ரோஸ்டோக் கடற்கரைக்குப் போனவர்கள் அத்தனை பேரும் சைக்கிளோடு அதில் ஏற்கெனவே நிரம்பியிருப்பார்கள். இடமில்லை என்றால் நடத்துநர் உங்களைப் பிளாட்ஃபாரத்திலேயே விட்டுவிடலாம். திங்கள் காலை கிளம்ப முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஏறிவிடுங்கள்.