பலகைச் சுவரில் அலமாரி மாட்டுவது எப்படி?



செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் உள்ள மண்டகப்பட்டு குகைக்கோயிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன்பு மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து செய்த கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் இல்லாமல் ஆனது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எல்லாம் ஒரே பாறை. அங்கே ஓர் ஆணிக்கும் வேலை இல்லை.

நம் கடையும் வீடும் அப்படி இல்லை. செங்கல் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது ஆணியும் ஸ்க்ரூவும்தான். அது தவறினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரில் பார்த்தோம்.

நடந்தது என்ன?

மண்டகப்பட்டு பக்கத்தில் ஒரு குழு, கடன் வாங்கித் தையல் கடை வைத்தது. வாடகைக் கடை. உள்ளே சுவர் முழுக்க பிளைவுட் பலகை அடித்திருந்தது. துணி வைக்க அலமாரி வேண்டும். "நாலு ஆணி அடிச்சா போதும்" என்று ஓர் உறுப்பினர் தானே அடித்து மாட்டினார். பார்க்கப் போன நாங்களும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இருபதாவது நாள் ராத்திரி அலமாரி மொத்தமாக விழுந்தது. கீழே இருந்த தையல் மெஷின் உடைந்தது. பகலில் அதே இடத்தில்தான் ஓர் உறுப்பினர் தன் கைக்குழந்தையைப் பாயில் படுக்க வைப்பார். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஆணி அடித்தவர் மேல் எல்லோரும் கோபப்பட்டார்கள். ஆனால் தப்பு அவர் ஒருவருடையது இல்லை. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கற்றுக்கொள்வோம், வாருங்கள்.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பலகைச் சுவர் என்பது வெறும் தோல்தான். அதன் பின்னால் எலும்பு மாதிரி ரீப்பர் கட்டைகள் இருக்கும். வழக்கமாக ஒன்றரை அல்லது இரண்டு அடிக்கு ஒரு கட்டை. நடுவில் காலி இடம். விரலால் தட்டினால் காலி இடத்தில் "டொம் டொம்" என்று கேட்கும். கட்டை உள்ள இடத்தில் சத்தம் கெட்டியாக இருக்கும். பலகையில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தாலும் அங்கே கட்டை உண்டு. பெயின்ட் மறைத்திருந்தால் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள், ஆணி உள்ள இடத்தில் ஒட்டும்.

கனமான எதையும் கட்டையில்தான் மாட்ட வேண்டும். வெறும் பலகையில் மாட்டக்கூடாது. அந்தக் குழுவின் நாலு ஆணியும் வெறும் பலகையில்தான் இருந்தன.

எதற்கு எது?

1. காலண்டர், சின்ன போட்டோ: ஒரு அங்குல ஆணி போதும்.

2. அலமாரி, கண்ணாடி: ஆணி வேண்டாம், மர ஸ்க்ரூ போடுங்கள். ஆணி வழவழப்பானது. மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், ஆணி மெல்ல மெல்ல வெளியே வரும். ஸ்க்ரூவின் மரை மரத்தைக் கவ்விப் பிடிக்கும்.

3. தடுப்புப் பலகையின் பின்பக்கம் நம் கைக்கு எட்டுமானால்: துளை போட்டு நட்டு போல்ட்டு போடுங்கள். இரண்டு பக்கமும் அகலமான வாசர் வையுங்கள்.

4. சுவர் ஃபேன்: இது ஓடும்போது அதிரும். கட்டையில்தான் மாட்ட வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

செங்கல் சுவருக்குப் போடும் பிளாஸ்டிக் பிளக்கை வெறும் பலகையில் போடாதீர்கள். செங்கல்லுக்குள் அது விரிந்து இறுகும். மெல்லிய பலகையில் பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நீளம் பார்க்கும் கணக்கு

அலமாரி தாங்கும் இரும்பு ஆங்கிள் 3 மில்லிமீட்டர், பலகை 12, கட்டை 25. மொத்தம் 40. அதற்கு ஒன்றரை அங்குல ஸ்க்ரூ, அதாவது 38 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். அரை அங்குல ஸ்க்ரூ போட்டால் கட்டையைத் தொடவே தொடாது. இரண்டு அங்குலம் போட்டால் பின்னால் உள்ள செங்கல்லில் முட்டி நிற்கும்.

8-ம் நம்பர் ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் துளை போடுங்கள். இல்லாவிட்டால் கட்டை பிளந்துவிடும். மரையில் கொஞ்சம் சோப்பு தடவினால் சுலபமாக இறங்கும். சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், மரத்தில் பிடிப்பு போய்விடும். திருப்புளியால் திருகித்தான் இறக்க வேண்டும்.

ஈரம் படும் இடத்தில் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். அங்கே எஸ்.எஸ். ஸ்க்ரூ வாங்குங்கள். விலை சற்று அதிகம், ஆனால் உடைந்த மெஷினை விடக் குறைவுதான்.

பாரத்தை எடை போடுங்கள்

ஒரு புடவை அரைக் கிலோ என்றால் 40 புடவை 20 கிலோ. அலமாரி எவ்வளவு அகலமோ, மேல் ஸ்க்ரூவை அவ்வளவு பலமாக இழுக்கும். அதனால் கனமானதைச் சுவரை ஒட்டி வையுங்கள், விளிம்பில் வைக்காதீர்கள்.

கவனம்! சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் போகலாம். வேலை முடியும் வரை மெயினை அணைத்து, கைத் துளைக்கருவி பயன்படுத்துவது நல்லது. வாடகை இடம் என்றால் உரிமையாளரிடம் முன்பே கேளுங்கள்.

அந்தக் குழு இப்போது கட்டையைக் கண்டுபிடித்து, ஸ்க்ரூ போட்டு, அலமாரியைத் திரும்ப மாட்டிவிட்டது. திருப்புளி பிடித்தவர் அன்று திட்டு வாங்கிய அதே அக்காதான். இன்று மற்ற குழுக்களுக்கும் அவரே சொல்லித் தருகிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

- நம் வீட்டில், கடையில் குழந்தைகள் தூங்கும் இடத்துக்கு மேலே என்ன மாட்டியிருக்கிறது?
- அது எதில் பிடித்து நிற்கிறது? இன்றே தட்டிப் பார்த்தீர்களா?
- குழுவுக்குப் பொதுவாக ஒரு திருப்புளியும் ஒரு துளைக்கருவியும் வாங்கலாமா?